குருட்டுக் காளையும் இல்லாத இன்ஜினியரும்

அம்மணிக்கு,

கடிதம் என்றால் முதல் வரியில் நலம் என்று எழுத வேண்டும். பொய் எழுதுவதை இந்த வாரத்தோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்திருப்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், காலையில் பட்டறையைத் திறந்து சாயங்காலம் சாத்துகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கொஞ்சம் சிரமம். நம் கணபதி வீதியில் ஆறு நாளும் லேத்துச் சத்தம் காதைத் துளைக்கும், நீ பரீட்சைக்குப் படிக்கும்போது ஜன்னலை அறைந்து சாத்துவாயே, அந்தச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை அது நின்றுவிடுகிறது. நின்ற பிறகுதான், ஆறு நாளாக என்னோடு பேசிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான் என்று தெரிகிறது. உன் அம்மா போன பிறகு நீ இருந்தாய். நீ பெங்களூர் போன பிறகு லேத்து இருக்கிறது. அடுத்து என்ன இருக்கும் என்று யோசிப்பதில்லை, யோசித்தால் சமையல் தீய்ந்துபோகிறது.

போன மாதம் எஸ்.டி.டி. பூத்துக்கு நீ கூப்பிட்டபோது ஒரே ஒரு விஷயம் கேட்டாய். டூல் டிசைன் செய்கிற அந்தக் கம்பெனியில் உன்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு காகிதம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். நாலு வருஷம் நீ என்ன வேலை செய்தாய் என்று பட்டறையிலிருந்து ஒன்று. அந்த வேலையை வாங்கிய கஸ்டமரிடமிருந்து ஒன்று. இரண்டும் இல்லாவிட்டால் நீ இப்போது இருக்கிற ஆபீசில் பில் டைப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நான், "பார்க்கலாம் கண்ணு" என்றேன். நீ, "நீங்க பாக்கலாம்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியுமுங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். பூத்துக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "லைன் கட் ஆயிருச்சுங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். அதுவும் ஒரு பொய்தான், ஆனால் சின்னது.

நான் ஏன் இழுத்தேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் முழுதாக எழுதுகிறேன். என் பக்கத்தில் நின்று பார்த்தால் அது எப்படி இருந்தது என்று நான் உன்னிடம் சொன்னதேயில்லை.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். கையில் அரம் வந்தது. பம்பு வார்ப்பதற்காக மண்ணில் பதித்துத் தூக்குகிற பேட்டர்னில் கம்பெனிப் பெயரை எழுப்பி ஒட்டுவதுதான் என் பிழைப்பு. அந்த எழுத்தின் சுவர் நெட்டுக்குத்தாக நின்றால், மண்ணிலிருந்து பேட்டர்னைத் தூக்கும்போது மண் பிய்ந்து கூடவே வந்துவிடும். அதனால் அடி அகலமாக, மேலே போகப் போகக் குறுகலாக, லேசான சரிவு வேண்டும். டேப்பர் என்போம். எழுத்துக்குள் குழி இருந்தால் அதற்கு எதிர்ப்பக்கம், மேலே வாய் அகலமாகத் திறக்க வேண்டும். இதை என் கட்டைவிரல் அறியும். ஆனால் சிங்காநல்லூர் பம்ப்செட் முதலாளி ஒரு நாள் ஒரு ஃபிளாப்பியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "காங்கேயம் காளைத் தலை ஒண்ணு இதுல இருக்குதுங்க மேஸ்திரி. நம்ம ஊரு மாடு. இனிமே நம்ம பம்பு மேல இதுதான்" என்றபோது என் கட்டைவிரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் டிப்ளமோவுக்காக வாங்கின பழைய கம்ப்யூட்டரும் நீயும் உள்அறையில் இருந்தீர்கள்.

அந்தக் காளை அட்டைப்பெட்டியில் அச்சடிப்பதற்காக அச்சாபீஸ் ஆர்ட்டிஸ்ட் வரைந்தது. அச்சடிக்க அந்தக் கோடு போதும், இரும்பில் எழும்பப் போதாது. எனக்கு அது தெரியவில்லை. திரையில் பார்த்தேன், லட்சணமான காளை, உடனே தூக்கி நிறுத்து என்றேன். நீ பெரிதாக்கிக் காட்டினாய். காதுக்குக் கீழே கோடு அறுந்து மயிரிழை சந்து. தாடையில் ஒரே கோடு இரண்டு தடவை, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு. நாலு புள்ளி போதும் என்கிற நெற்றி வளைவில் நாற்பது புள்ளி, நெற்றியெல்லாம் அம்மை போட்ட மாதிரி. "கோடு சுத்தி வந்து தன்னையே தொடோணுங்கப்பா. தொடலீன்னா உள்ள எது, வெளிய எதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தெரியாததை அது எப்படித் தூக்கும்?" என்றாய். பத்தொன்பது வயது உனக்கு. மூன்று நாள் உட்கார்ந்து இரட்டைக் கோட்டில் ஒன்றை அழித்தாய், அறுந்த முனைகளைச் சேர்த்தாய், புள்ளிகளைக் களை பிடுங்குகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிடுங்கினாய். பிடுங்கப் பிடுங்க வளைவு வழுவழுப்பானது. அதற்கப்புறம்தான் உயரம் கொடுத்தாய். சரிவு கொடுக்கும்போது கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் மட்டும் திசையை மாற்றினாய். கொம்பு நுனியில் இரண்டு பக்கச் சரிவும் உச்சிக்குப் போகும் முன்பே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. நீ நுனியை ஒரு அரிசி முனை அளவுக்கு மழுக்கி, அங்கே மட்டும் சரிவைக் குறைத்துச் சமாளித்தாய். மில்லிங் மெஷினில் வெட்டி வந்ததைத் தடவிப் பார்த்தேன். என் விரலுக்கு ஒரு குறையும் அகப்படவில்லை. குறை சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

வார்ப்பைப் பார்த்துவிட்டு முதலாளி கேட்டார்: "ஏனுங்க, இது யாரு பண்ணுனதுங்க?" நீ அப்போது அவருக்குக் காபி கொண்டுவந்து நின்றுகொண்டிருந்தாய். நான், "பீளமேட்டுல நம்ம இன்ஜினியர் ஒருத்தர் இருக்கறாருங்க" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. நீ டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய்.

ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அவரைப் பார்க்கலாமா என்றார். கூச்ச சுபாவமுங்க, ஆளுகளைப் பார்க்க மாட்டாருங்க என்றேன். போன் நம்பர் கேட்டார். வீட்டில் போன் இல்லை என்றேன். கல்யாணம் ஆயிருச்சா என்றார். யோசிக்காமல் இல்லை என்றேன். அங்கேதான் மாட்டினேன். அடுத்த மாதம் வந்து, "நம்ம சொந்தத்துல ஒரு பொண்ணு இருக்குதுங்க. இவ்வளவு நறுவிசா வேலை செய்யறவன் குடும்பத்தையும் நறுவிசா வெச்சுக்குவான். ஜாதகம் வாங்கிக் குடுங்க மேஸ்திரி" என்றார். இரண்டு வருஷம் அந்த ஜாதகத்துக்கு நான் சாக்குச் சொன்னேன். ராகு, கேது, தோஷம் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவன் தலையில் ஏற்றினேன். நாம் இரண்டு பேரும் ராத்திரிச் சாப்பாட்டில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நீ சிரிப்பதைப் பார்த்து, உனக்கும் அது விளையாட்டுத்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

பெரிய பம்புக்குப் பெரிய காளை வேண்டும் என்று அவசரமாகக் கேட்டபோது, நீ காங்கேயத்தில் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாய். ஐந்து நாளில் வந்துவிடுவாய். நான் காத்திருந்திருக்கலாம். நாலு வருஷம் உன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தவனுக்கு இது தெரியாதா என்ற திமிர். நீ சுத்தம் செய்து வைத்த காளை கம்ப்யூட்டருக்குள் எந்தப் பெயரில் படுத்திருக்கிறது என்று தெரியாமல், பழைய ஃபிளாப்பியையே போட்டேன். அறுந்த இடங்களை நேர்க்கோடு இழுத்து ஒட்டுப்போட்டேன். டேப்பர் தாராளமாக இருந்தால் மண் நன்றாக விடும் என்பது என் முப்பது வருஷ அனுபவம், அதனால் சரிவைத் தாராளமாகக் கொடுத்தேன். கண்ணுக்குத் திசை மாற்ற வேண்டும் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. வெட்டி வந்ததும் கண்ணாடி போடாமல் பார்த்து, பிரமாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பேட்டர்னில் ஒட்டி அனுப்பிப்போட்டேன்.

சரிவுகள் ஒன்றையொன்று தின்றதில் இரண்டு கொம்பு நுனியும் போயிருந்தது. கண்குழியில் மண் நிற்காமல் ஒவ்வொரு தடவையும் பிய்ந்து, அந்த இடத்தில் இரும்பு போய் நிறைந்துவிட்டது. மோல்டிங்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, மேஸ்திரி ஏதோ புது டிசைன் பண்ணியிருக்கிறார் என்று விட்டுவிட்டார்களாம். பெயிண்ட் அடித்த பிறகுதான் முதலாளி பார்த்தார். ஒரு பம்பை ஆட்டோவில் ஏற்றி நேராகப் பட்டறைக்கு வந்தார். நீயும் அன்று காலைதான் ஊரிலிருந்து வந்திருந்தாய்.

"ஏனுங்க மேஸ்திரி, கண்ணு தெரியாத மாட்டை எங்கூருச் சந்தையில எவனாச்சும் வாங்குவானுங்களா? கொம்பு வேற மொட்டை. இதைக் கொண்டாந்து என் பம்புல கட்டிப்போட்டிருக்கீங்களே."

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அந்த இன்ஜினியர் பண்ணுன வேலைங்க. ஆளை நேத்தே நிறுத்திட்டேனுங்க" என்றேன்.

நீ கதவருகில் நின்றிருந்தாய். இரண்டே நாளில் பெரிய காளையை நீ சரியாகச் செய்து கொடுத்தாய். முதலாளி தடவிப் பார்த்து, "புது இன்ஜினியர் பரவாயில்லீங்க. பழைய ஆளை அப்பவே அனுப்பியிருக்கோணும்" என்றார். அவர் போன பிறகு நீ என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம். "தப்பு பண்ணுன இன்ஜினியர் நீங்க. ஆனா வேலை போனது எனக்குங்கப்பா." கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு இரண்டு வார்த்தை கத்தியிருப்பேன். நீ கம்ப்யூட்டரை மூடி வைத்துக்கொண்டே சொன்னாய். மூன்றாவது மாதம் பெங்களூர் போய்விட்டாய்.

ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு காரணம் வைத்திருந்தேன். பொண்ணு பட்டறையில் வேலை செய்கிறாள் என்று தெரிந்தால் நல்ல இடம் அமையாது என்றேன். சின்னப் பொண்ணு செய்தது என்றால் கஸ்டமர் நம்ப மாட்டார்கள் என்றேன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, அதுதான் அவற்றில் இருந்த வசதி. நிஜமான காரணம் வேறு, கண்ணு. இவ்வளவு தெரிந்தவள் இவள்தான் என்று வெளியே தெரிந்தால் யாராவது உன்னைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தேன். வேலைக்கோ, மருமகளாகவோ, எப்படியாவது. உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்காக உன்னை மறைத்தேன். கடைசியில் மறைத்ததனாலேயே நீ போய்விட்டாய். என் மூளையின் வேலை எப்போதும் இப்படித்தான், சரிவைத் தப்புப் பக்கம் கொடுக்கும்.

நீ போனை வைத்த பிறகு நான்கு நாள் தள்ளினேன். ஐந்தாம் நாள் சிங்காநல்லூருக்குப் பஸ் ஏறினேன். எல்லாம் நீ செய்தது என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "பொண்ணு வேலைக்கு ஒரு லெட்டர் வேணும், அவ்வளவுதானுங்களே? அதுக்கு எதுக்குங்க இத்தனை பெரிய கதை? அந்த இன்ஜினியர் பண்ணுனதைப் பொண்ணு பண்ணுச்சுன்னு நான் எப்படிங்க எழுதறது? நாளைக்கு அவரு வந்து கேட்டா?"

"அவரு வர மாட்டாருங்க. அப்படி ஒருத்தர் இல்லவே இல்லைங்க."

"அதான் நிறுத்திட்டீங்களே."

"இருந்தாத்தானுங்களே நிறுத்த."

அவர் நம்பவில்லை. நாலு வருஷம் அவ்வளவு சிரத்தையாகப் பொய் சொல்லியிருக்கிறேன், உண்மை அதன் பக்கத்தில் நிற்க முடியாமல் தள்ளாடியது. புள்ளி, இரட்டைக் கோடு, கொம்பு நுனி என்று நீ சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒப்பித்தேன். பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றார். அவருடைய ஆபீஸ் வாசலில் பழைய இரும்போடு அந்தக் குருட்டுக் காளை பம்பு ஒன்று கிடந்தது. அதைக் கை காட்டினேன். "அதைப் பண்ணுனது நானுங்க. அம்மணி ஊருல இல்லாதப்ப நானாப் பண்ணிப்போட்டேன். மத்ததெல்லாம் அவ பண்ணுனது. பழைய இன்ஜினியரும் அவதான், புது இன்ஜினியரும் அவதான்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். அந்தக் காளையைத் தன்னுடையது என்று சும்மா யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள் அல்லவா.

அப்புறம், "நான் அவருக்குப் பொண்ணு பார்த்தேனுங்க" என்றார்.

"தெரியுமுங்க."

"ஜாதகத்துல ராகு எட்டுலன்னீங்க. நான் கோயிலுக்குப் போயி பரிகாரம் பண்ணச் சொல்லி அனுப்புனேன்."

"பண்ணுனாருன்னு சொன்னேனுங்க."

அவருக்குச் சிரிப்பா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. "நாலு வருஷம் எனக்குக் காபி கொண்டாந்து குடுத்துச்சு அந்தப் புள்ள. ஒரு நாள் நிமிர்ந்து பார்த்து நல்லாருக்குதுன்னு சொன்னதில்லையே நானு. அதைச் சொல்ல உடாமப் பண்ணிப்போட்டீங்களே மேஸ்திரி" என்றார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இதற்கு நான் தயாராகப் போகவில்லை.

கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "அம்மணிகிட்ட பெங்களூர் எல்லாம் வேண்டாமுன்னு சொல்லுங்க. இங்கயே தனி ரூம் போட்டு, புது கம்ப்யூட்டர் வாங்கித் தாரேன். அங்க என்ன சம்பளமோ அதே சம்பளம். அது வந்தா காளை வேலை உங்க பட்டறைக்கு. வரலீன்னா நான் வேற பக்கம் பாத்துக்கறேனுங்க. உங்க பொய்யை நம்பித் தொழில் பண்ண இனிமே முடியாது."

அவர் கேட்டதில் தப்பில்லை. பஸ்ஸில் வரும்போது நான் என்ன நினைத்தேன் என்பதைத்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நீ காலையில் சிங்காநல்லூர் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வருவாய். கதவைத் திறந்து வைத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆள் இருக்கும். அந்தக் கடிதத்தை மூன்று நாள் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். முதலாளி காகிதம் தர மாட்டேன் என்கிறார், வேலைதான் தருகிறேன் என்கிறார், வந்துவிடு என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பூத்து வரைக்கும் நடந்தேன். பூத்துக்காரர் நம்பர் சுழற்றவும் ஆரம்பித்தார். வேண்டாமுங்க, அப்புறம் பேசிக்கறேன் என்று திரும்பிவிட்டேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் அப்பன் திருந்திவிட்டான் என்று நினைத்துவிடாதே. கையை நீட்டினான், பாதியில் இழுத்துக்கொண்டான். அவ்வளவுதான்.

ஆகவே இரண்டு விஷயமும் உன் முன்னால் வைக்கிறேன். காகிதம் இதோ. சிங்காநல்லூர் வேலையும் நிஜம். பட்டறையை நினைத்து எதையும் முடிவு செய்யாதே. காளை போனால் கிரைண்டர்காரர்களின் எழுத்து வேலை இருக்கிறது. அதெல்லாம் நேர்க்கோடு, கொம்பு கிம்பு கிடையாது, என்னாலேயே கெடுக்க முடியாது. எங்கே போனாலும் ஒன்று மட்டும் செய். நீ வரைகிற ஒவ்வொரு தாளின் மூலையிலும் உன் பெயரைப் போடு. யாராவது 'நாங்கள் செய்தோம்' என்று சொன்னால், கோபப்படாமல், எந்தப் பகுதியை நீ செய்தாய் என்று அங்கேயே, அப்போதே சொல்லிவிடு. நாலு வருஷம் கழித்துச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன்.

பட்டறை சர்டிபிகேட்டை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்து இங்கிலீஷில் அடித்து வாங்கினேன். அந்த டீச்சரம்மாவையே தமிழில் ஒரு தடவை படித்துச் சொல்லச் சொன்னேன். நான்கு வருஷம், காளை, எழுத்து, பேட்டர்ன், எல்லாம் உன் பெயரில் வரிசையாக வந்தது. கேட்க வேறு யாரைப் பற்றியோ மாதிரி இருந்தது. பெரிய ஆளாக இருப்பார் போல என்று நினைத்தேன். அப்பா கொடுத்தது என்று தெரிந்தால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பிருக்காது, உறவு எழுத வேண்டாம் என்று அந்த அம்மாதான் சொன்னார்கள். சரி என்றேன். அதனால் மகள் என்று அதில் எங்கேயும் இல்லை. உன் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும் இருக்கிறது. அது யாருடையது என்று அவர்கள் கேட்டால் சொல்லு. கேட்காவிட்டால் விட்டுவிடு.

அப்பா